ஒரு மடக்குத் தண்ணீர் இறங்கும் வழி: விழுங்கச் சிரமப்படும் பெரியவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு

அண்ணாந்து குடிப்பது நமக்குக் கைவந்த கலை. உதட்டில் படாமல் சொம்பைத் தூக்கி, கழுத்தைப் பின்னால் சாய்த்து, மடக் மடக்கென்று அரைச் சொம்புத் தண்ணீரை இறக்கிவிடுவோம். என் அப்பா எழுபது வருடமாக அப்படித்தான் குடித்தார். பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்துவிட்டு வீடு திரும்பிய மறுநாள், வலது கை சொன்னபடி கேட்காததால் இடது கையால் எவர்சில்வர் டம்ளரைத் தூக்கி அண்ணாந்தார். பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டியது. மீதி உள்ளே போனது. எந்த ‘உள்ளே’ என்பதுதான் அன்று எங்களுக்குத் தெரியவில்லை.

அவர் இருமவில்லை. இருமாததால் நல்லபடியாக இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டோம். குரல் மட்டும் தண்ணீருக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி களகளவென்று இருந்தது. சளி கட்டியிருக்கிறது என்று கஷாயம் வைத்துக் கொடுத்தோம். அதையும் அண்ணாந்தே குடித்தார். ஆறாம் நாள் காய்ச்சல், மூச்சு வாங்கல், மறுபடியும் ஆஸ்பத்திரி. நிமோனியா என்றார்கள். முதல் முறை வீட்டுக்கு அனுப்பியபோது ‘சாப்பாடு குழைவா குடுங்க’ என்ற ஒரு வரிக்கு மேல் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

இரண்டாம் முறை அப்பாவை வந்து பார்த்தவர் ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட். அப்பாவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு என் பக்கம் திரும்பி, “தண்ணி எப்படிக் குடுக்குறீங்க சார்?” என்று கேட்டார். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்தவர் தண்ணீரைப் பற்றி ஏன் கேட்கிறார் என்று விழித்தேன். பேசுகிற நாக்கும் தொண்டையும்தானே விழுங்குகின்றன, அதனால் இதுவும் அவர்கள் வேலைதான் என்பது அப்புறம்தான் புரிந்தது.

எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று ஒரு பட்டியலைக் கேட்டேன். அவர் ஒரு டம்ளர் தண்ணீரை என் கையில் கொடுத்து, “முதல்ல நீங்க குடிங்க” என்றார். இப்போது யோசித்தால் அதுதான் சரியான இடத்தில் ஆரம்பிப்பது. நம் தொண்டைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டால் பட்டியலில் உள்ளதற்கெல்லாம் காரணம் தானாக விளங்கும். பட்டியலில் இல்லாத ஒன்று வந்தாலும், ஊரிலிருந்து சித்தப்பா நுங்கு வாங்கிக்கொண்டு வந்து நிற்பார் பாருங்கள், அப்போதும் யோசித்து முடிவெடுக்க முடியும். நான் கற்ற வரிசையிலேயே சொல்கிறேன். உங்கள் வீட்டில் இருப்பவருக்கு எந்த அளவு, எந்தப் பக்குவம் என்பதை அவரை நேரில் சோதித்துப் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும்.

முதலில் உங்கள் கழுத்தில் கை வையுங்கள்

நிமிர்ந்து உட்காருங்கள். ஒரு கையின் நான்கு விரல்களையும் கழுத்தின் முன்பக்கம் படுக்கைவாட்டில் வையுங்கள். ஆள்காட்டி விரல் முகவாய்க்குக் கீழே மெத்தென்று இருக்கும் இடத்தில். மோதிர விரலும் சுண்டு விரலும், ஆண்களுக்குத் துருத்திக்கொண்டு தெரியுமே, அந்த மேட்டின் மேல். நடுவிரல் தானாக இரண்டுக்கும் இடையில் உட்கார்ந்துகொள்ளும். அழுத்தாதீர்கள், தொட்டால் போதும். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து விழுங்குங்கள்.

முதலில் ஆள்காட்டி விரலுக்கு மேலே நாக்கின் அடிப்பாகம் இறுகும். அடுத்த கணமே அந்த மேடு மேலும் முன்னுமாகத் துள்ளி, ஒரு நொடி நின்று, பழைய இடத்துக்கு இறங்கும். அந்த மேடுதான் குரல்வளை. மூச்சுக்குழாயின் வாசல் அங்கேதான் இருக்கிறது. சுமார் 2 செ.மீ. அளவுக்கு அது ஏறி இறங்குவதுதான் விழுங்குவதன் உயிர்நாடி. இன்னும் நாலு முறை செய்து பாருங்கள். நாளைக்கு நீங்கள் ஊட்டும்போது அடுத்த ஸ்பூன் எப்போது என்பதை இந்த ஏற்ற இறக்கம்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறது.

இனி சில விளையாட்டுகள். வாயைத் திறந்து வைத்துக்கொண்டே எச்சிலை விழுங்கிப் பாருங்கள். நாக்கை மேலண்ணத்தில் படாமல் வைத்துக்கொண்டு முயலுங்கள். இரண்டும் பெரும்பாடு. உதடு மூடி நாக்கு மேலே ஒட்டினால்தான் தள்ளுவதற்கு அழுத்தம் கிடைக்கும். அப்புறம் முகட்டைப் பார்த்தபடி எச்சிலை விழுங்குங்கள். தண்ணீர் வேண்டாம், எச்சில் மட்டும். மேடு ஏறத் திணறுவது விரலுக்குத் தெரியும். நமக்கே இப்படி என்றால் பலவீனப்பட்ட தொண்டைக்கு அண்ணாந்து குடிப்பது எவ்வளவு ஆபத்து என்று அன்றைக்கே எனக்கு உறைத்தது.

கடைசியாக ஒன்று. புறங்கையை மூக்குக்குக் கீழே வைத்து விழுங்குங்கள். விழுங்கும் கணத்தில் மூச்சு நிற்கும். முடிந்ததும் பெரும்பாலும் வெளிமூச்சாகத்தான் வரும். விழுங்கும்போது மூச்சை நிறுத்த வேண்டும் என்று யாரும் நமக்குக் கற்றுத் தரவில்லை. தொண்டையில் ஒட்டியிருக்கும் துளி உள்ளே இழுக்கப்படாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவருக்கு ஏன் ஊட்டக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். நிமிடத்துக்கு முப்பது முறை மூச்சு விடுகிறவருக்கு நடுவில் நிறுத்த இடம் ஏது?

வாயிலிருந்து வயிறு வரை

தமிழில் ‘மிடறு’ என்று ஒரு சொல் உண்டு. தொண்டைக்கும் அதுதான் பெயர், ஒரு தடவை விழுங்கும் அளவுக்கும் அதுதான் பெயர். இடத்தையும் செயலையும் ஒரே சொல்லில் அடக்கியவர்கள் எதையோ கவனித்திருக்கிறார்கள்.

சாப்பாடு வாய்க்குள் போனதும் முதல் வேலை அதை ஒரு கவளமாக்குவது. பல் அரைக்கிறது, எச்சில் பிசைகிறது, நாக்கு இடமும் வலமும் புரட்டிப் போடுகிறது, கன்னம் சுவர் மாதிரி நின்று பல்லுக்கு வெளியே விழாமல் தடுக்கிறது. ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சில் சுரக்கிறது. ‘நொறுங்கத் தின்றால் நூறு வயது’ என்பதில் பாதி வேலை பல்லுக்கு, பாதி எச்சிலுக்கு. இந்தக் கட்டம் முழுக்க நம் கையில். வேண்டுமானால் மெல்லலாம், நிறுத்தலாம், துப்பலாம். பக்கவாதத்தில் ஒரு பக்கக் கன்னம் தளர்ந்துவிட்டால் அந்தச் சுவர் இடிந்த மாதிரி. சோறு கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும், அங்கே இருப்பது அவருக்கே தெரியாது. அப்பாவின் வலது கன்னத்திலிருந்து மத்தியானத்துத் தயிர்சாதத்தைச் சாயங்காலம் எடுத்திருக்கிறேன்.

கவளம் தயாரானதும் நாக்கின் நுனி மேலே ஒட்டி, முன்னிருந்து பின்னாக அதை வழித்துத் தள்ளும். இதற்கு ஒரு விநாடி. நாக்கின் அடிவாரத்தைத் தாண்டியதும் விஷயம் நம் கையை விட்டுப் போய்விடுகிறது. மூளைத்தண்டு பொறுப்பேற்றுக்கொள்ளும்.

தொண்டை ஒரு கூட்டு வழி. மூச்சும் சோறும் அதே இடத்தைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. கீழே இரண்டாகப் பிரிகிறது: முன்னால் மூச்சுக்குழாய், அதன் முதுகில் ஒட்டினாற்போல உணவுக்குழாய். அதாவது சாப்பாடு மூச்சுக்குழாயின் வாசலைத் தாண்டித்தான் தன் வாசலுக்குப் போக வேண்டும். ரயில்வே கேட் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரண நேரத்தில் சாலை திறந்திருக்கும், காற்று போய் வந்துகொண்டிருக்கும். ரயில் வரும் நேரத்தில் மட்டும் கேட் இறங்க வேண்டும்.

இறங்குவதும் ஒரு கேட் இல்லை, பல. மென்னண்ணம் மேலே எழும்பி மூக்கின் வழியை அடைக்கிறது. இது சரியாக மூடாவிட்டால்தான் காபி மூக்கில் வரும். குரல் எழுப்பும் நாண்கள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. குரல்வளை மொத்தமும் மேலேறி நாக்கின் அடியில் ஒதுங்குகிறது. அதன் மேலிருக்கும் இலை போன்ற மூடி பின்னால் மடிந்து வாசலைக் கவிகிறது. அதே நேரத்தில், எப்போதும் இறுக மூடியே இருக்கும் உணவுக்குழாயின் மேல்வாய் தளர்ந்து திறக்கிறது. அதைத் தளர்த்துவது நரம்பு. அகலமாக இழுத்துத் திறப்பது, உங்கள் விரலுக்குத் தெரிந்த அந்தக் குரல்வளையின் துள்ளல். ஆக, ஒரே அசைவில் ஒரு கதவு மூடி மறு கதவு திறக்கிறது. துள்ளல் குறைந்தால் இரண்டும் அரைகுறையாகும்.

இவ்வளவும் ஏறத்தாழ ஒரு விநாடிக்குள் முடிந்துவிடும். முப்பதுக்கும் மேற்பட்ட தசைகள், மூளையிலிருந்து நேராக வரும் ஐந்து இணை நரம்புகள் இதில் வேலை செய்கின்றன. எச்சிலையும் சேர்த்தால் ஒரு நாளில் 500 தடவைக்கு மேல் விழுங்குகிறோம். ஒன்றைக்கூட எண்ணுவதில்லை.

அதற்குப் பிறகு உணவுக்குழாய். சுமார் 25 செ.மீ. நீளம், பிசைந்து பிசைந்து கீழே தள்ளும், 8 முதல் 20 விநாடிக்குள் வயிற்றுக்கு வந்துவிடும். நெஞ்சில் அடைக்கிறது, சாப்பிட்டது எதுக்களிக்கிறது என்று சொன்னால் கோளாறு இந்தப் பகுதியில் இருக்கலாம். அதற்குப் பார்க்க வேண்டிய டாக்டர் வேறு.

கோளாறு எந்தக் கணத்தில்?

தெரபிஸ்ட் சொன்னதில் எனக்கு மிகவும் பயன்பட்டது இதுதான். விழுங்குவதற்கு முன்னால், விழுங்கும்போது, விழுங்கிய பிறகு என்று மூன்று நேரத்தில் தப்பு நடக்கலாம்.

முன்னால் நடப்பது: கேட் கீப்பர் தூங்கி வழிகிறார், ரயில் வந்துவிட்டது. நாக்கில் நிற்காமல் தண்ணீர் வழிந்து இறங்கும்போது, தொண்டை இன்னும் மூச்சுக்குத் திறந்தே இருக்கிறது. பக்கவாதத்துக்குப் பிறகு அடிக்கடி காண்பது இது. தண்ணீர்தான் உலகத்திலேயே சுலபமாக விழுங்கக்கூடியது என்று நாம் நினைக்கிறோம். தாமதமான தொண்டைக்கு அதுதான் மிகக் கடினம், ஏனென்றால் அதுதான் மிக வேகம். கெட்டியான திரவம் மெதுவாக வருவதால் கேட் மூட அவகாசம் கிடைக்கிறது. சிலருக்கு மட்டும் தண்ணீரைக் கெட்டியாக்கச் சொல்வதன் சூட்சுமம் இவ்வளவுதான்.

விழுங்கும்போது நடப்பது: கேட் இறங்குகிறது, ஆனால் முழுக்க மூடவில்லை. குரல் நாண் ஒன்று செயலிழந்தவர்கள், துள்ளல் குறைந்தவர்கள் இந்த வகை.

பிறகு நடப்பது: விழுங்கியாயிற்று, ஆனால் முழுக்க இறங்கவில்லை. நாக்கின் அடிவாரத்திலும் குரல்வளையின் இரு பக்கமும் சின்னக் குழிகள் உண்டு. தள்ளுவதற்குத் தெம்பு போதாவிட்டால் மிச்சம் அங்கே தேங்கும். அடுத்த மூச்சில் அது வழுக்கி மூச்சுக்குழாயின் வாசலில் விழும். இவர்களுக்கு ரொம்பக் கெட்டியாகக் கொடுத்தால் தேங்குவது கூடத்தான் செய்யும். எல்லோருக்கும் கெட்டியாகக் கொடுத்துவிட்டால் போதும் என்ற பக்கத்து வீட்டு யோசனை இங்கே உதைக்கிறது.

எந்த வகை என்று வெளியிலிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது. பேரியம் கலந்த உணவை விழுங்கச் செய்து ஓடும் எக்ஸ்ரே படமாக எடுத்துப் பார்ப்பார்கள், அல்லது மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டு மேலிருந்து பார்ப்பார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்தால் ‘எதற்கு வீண் செலவு’ என்று தள்ளிப்போடாதீர்கள்.

புரையேறுவது நல்லதா, கெட்டதா?

நம் வீடுகளில் புரையேறினால் உச்சந்தலையில் தட்டி, ‘யாரோ உன்னை நினைக்கிறாங்க’ என்போம். நினைக்கிறவர் யாரோ தெரியாது. தண்ணீரோ சோறோ தப்பான வாசலைத் தொட்டது, காவல்காரன் விழித்திருந்து விரட்டுகிறான் என்பதுதான் புரையேறலின் பொருள். எப்போதாவது எல்லோருக்கும் வரும். சாப்பிட உட்காரும்போதெல்லாம் வந்தால் கேட்டில் கோளாறு.

அதைவிடப் பயப்பட வேண்டியது, புரையேற வேண்டிய இடத்தில் ஏறாமல் இருப்பது. தொண்டையின் உணர்வு மங்கிவிட்டால் தண்ணீர் நுரையீரலுக்குப் போனாலும் இருமலே வராது. அப்பாவுக்கு நடந்தது அதுதான். அதனால் இருமலை மட்டும் நம்பாதீர்கள். இரண்டு மூன்று மடக்கு குடித்ததும் ‘ஆ’ என்று நீட்டிச் சொல்லச் சொல்லுங்கள். குரல் முன்பிருந்த மாதிரியே வந்தால் சரி. ஈரமாக, வாய் கொப்பளிக்கும்போது வருகிற சத்தம் போலக் கேட்டால் குரல் நாணின் மேல் ஏதோ நிற்கிறது. இருமி, வெறுமனே ஒரு முறை விழுங்கச் சொல்லிவிட்டு மறுபடி ‘ஆ’ கேளுங்கள். குரல் தெளியவில்லை என்றால் அந்த வேளைக்கு அதோடு நிறுத்திக்கொண்டு தெரபிஸ்டுக்கோ டாக்டருக்கோ தகவல் சொல்லுங்கள். தெளிந்தாலும் எல்லாம் சரி என்ற சான்றிதழ் ஆகாது. பேசாமல் உள்ளே போகிறவை குரலிலும் தெரியாமல் போகலாம்.

வேறு அடையாளங்களும் உண்டு. சாப்பிடும்போது கண் கலங்குவது, மூக்கில் நீர் வருவது, அடிக்கடி தொண்டையைச் செருமுவது, ஒரு வாய்க்கு மூன்று நான்கு தடவை விழுங்குவது, பதினைந்து நிமிடச் சாப்பாடு முக்கால் மணி நேரமாவது, காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, விட்டு விட்டு வரும் காய்ச்சல். ஒரு பழைய டைரியில் தேதி போட்டு, என்ன கொடுத்தோம், எதற்கு இருமினார் என்று நான் எழுதி வைத்தேன். ‘ரசஞ்சாதம், மூன்றாம் வாய், கண்ணில் தண்ணீர்’ என்கிற மாதிரி அரைகுறைக் குறிப்புகள்தான். தெரபிஸ்ட் என்னிடம் கேட்ட கேள்விகளில் பாதிக்கு அந்த டைரிதான் பதில் சொன்னது.

பக்கவாதம் வந்தவர்கள் தவிர பார்க்கின்சன், மறதி நோய் உள்ளவர்கள், கழுத்திலும் வாயிலும் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்தவர்கள், நாள்கணக்கில் வென்டிலேட்டரில் இருந்தவர்கள் ஆகியோருக்கும் இதே கண்காணிப்பு வேண்டும். ஸ்பீச் தெரபிஸ்டைத் தேடும்போது போர்டில் பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற பட்டம் (பேச்சு, செவித்திறன் துறைக்கான பட்டம்) இருக்கிறதா பாருங்கள். விழுங்கும் பயிற்சி கொடுப்பாரா என்று போனிலேயே கேட்டுவிட்டுப் போங்கள்.

ஊட்டும்போது

முதல் கேள்வி, முழித்திருக்கிறாரா? கண் சொருகிக்கொண்டிருப்பவர் வாயில் ஒரு ஸ்பூன்கூட வைக்காதீர்கள். மாத்திரை நேரம் தப்புகிறதே என்று நமக்குப் பதறும். தூக்கத்தில் கேட் கீப்பரும் சேர்ந்துதான் தூங்குகிறார்.

அடுத்தது உட்காரும் நிலை. நாற்காலியில் முதுகு நேராக, பாதம் தரையில் பதிந்திருப்பது எல்லாவற்றிலும் உத்தமம். கட்டிலில்தான் முடியும் என்றால் தலைப்பக்கத்தை முடிந்த அளவு உயர்த்துங்கள். முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை கொடுத்தால் கீழே வழுக்கிக்கொண்டு போகமாட்டார். படுத்தவாக்கில் பாலாடையால் புகட்டுவது பல வீடுகளில் இன்னும் நடக்கிறது. அதை முதலில் நிறுத்துங்கள். முகவாயை மார்பை நோக்கித் தாழ்த்துவது, பலவீனமான பக்கம் தலையைத் திருப்புவது என்று சில உத்திகள் உண்டு. சிலருக்கு அவை அருமையாக உதவும், சிலருக்கு நிலைமையை மோசமாக்கும். யூடியூபில் பார்த்துச் செய்யாமல் தெரபிஸ்ட் சொன்னால் செய்யுங்கள்.

நீங்கள் நின்றுகொண்டு ஊட்டினால் அவர் உங்களை நிமிர்ந்து பார்ப்பார், முகவாய் மேலே போகும், அண்ணாந்து குடித்த கதைதான். ஒரு ஸ்டூலைப் போட்டு அவர் கண் மட்டத்துக்கு உட்காருங்கள். ஸ்பூன் கீழிருந்து வரட்டும். குழம்புக் கரண்டி வேண்டாம், டீஸ்பூன். நாம் சாதாரணமாகக் குடிக்கும் ஒரு மடக்கே 15 முதல் 25 மில்லி இருக்கும், டீஸ்பூன் 5 மில்லிதான். டம்ளரில் தண்ணீர் குறையக் குறையத் தலை பின்னால் சாயும் என்பதையும் கவனியுங்கள். ஒரு பேப்பர் கப்பை எடுத்து மூக்கு இடிக்கும் பக்கத்தில் அரைவட்டமாக வெட்டிவிட்டால், மூக்குக்கு இடம் கிடைத்து, தலை சாயாமலே கடைசித் துளி வரை குடிக்கலாம். அந்தக் கப்புக்கு அப்பா வைத்த பெயர் ‘மூக்கன் கப்’.

ஸ்பூன் உள்ளே போனதும் கழுத்தைப் பாருங்கள். மேடு ஏறி இறங்கட்டும். அதற்குப் பிறகும் ஒரு மூச்சு விடட்டும். அப்புறம்தான் அடுத்த வாய். மெல்லுகிற வாயைப் பார்த்து அடுத்ததை நீட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு.

நான் அடிக்கடி செய்த தப்பு வேறு. வாயில் சோற்றை வைத்துவிட்டு, “உப்பு போதுமாப்பா?” என்று கேட்பேன். பாசத்தில் கேட்கிற கேள்விதான். அவர் பதில் சொல்ல வாயைத் திறந்து மூச்சை இழுப்பார், இழுத்த மூச்சோடு இரண்டு பருக்கையும் போகும். கேட்க வேண்டியதை விழுங்கிய பிறகு கேளுங்கள். டி.வி.யையும் அந்த நேரத்துக்கு அணைத்துவிடுங்கள், குறிப்பாக சிரிப்பு வரும் நிகழ்ச்சிகளை.

நம் சமையலில் எது எப்படி?

ஆஸ்பத்திரியில் தரும் அச்சடித்த தாளில் பிரெட், சூப், புட்டிங் என்று இருக்கும். நமக்கு வேண்டியது ரசம் சாதத்தின் கதி என்ன என்பது.

ரசம் சாதம்தான் வில்லன்களில் முதலாவது. ஜுரம் வந்தால் கரைத்த ரசஞ்சோறு என்று பழகிய நமக்கு இது நம்பக் கஷ்டம். ஒரே வாயில் இரண்டு பண்டம்: சோறு மெல்லக் காத்திருக்கிறது, ரசம் காத்திருக்காமல் இறங்கிவிடுகிறது. நாம் மெல்லும்போதே ரசத்தைத் தனியாகச் சமாளிக்கும் சாமர்த்தியம் நம் தொண்டைக்கு உண்டு. தாமதமான தொண்டைக்கு இல்லை. நீராகாரத்தில் மிதக்கும் பழைய சோறு, பால் ஊற்றிய கார்ன் ஃப்ளேக்ஸ், தண்ணியான சாம்பாரில் மிதக்கும் இட்லி எல்லாம் இந்த வகை. கடித்தால் நீர் பீறிடும் தர்பூசணி, ஆரஞ்சுச் சுளை, சித்தப்பாவின் நுங்கு ஆகியவையும் இதே வகைதான். தட்டில் ஒன்றாகத் தெரியும், வாயில் இரண்டாகும். ஐஸ்கிரீமும் அப்படி: கெட்டியாகப் போய், நாக்கில் உருகித் தண்ணீராகிவிடும்.

உதிர்கிறவை இன்னொரு கூட்டம்: புட்டு, பொரி, முறுக்கு, வறட்டு அவல். எச்சில் குறைந்த வாயில் இவை கவளமாகச் சேரவே சேராது. ஒட்டுகிறவை மூன்றாவது: கெட்டிக் களி, அல்வா, பிசினாகக் குழைந்த பச்சரிசிச் சோறு. கறிவேப்பிலை, காய்ந்த மிளகாய்த் தோல், கடுகு, முருங்கை நார், மீன் முள் பற்றிச் சொல்லவே வேண்டாம். தாளித்ததை வடிகட்டி அந்த எண்ணெயை மட்டும் ஊற்றுங்கள், மணம் போகாது.

நன்றாக ஒத்துப்போவது ஒரே பதமாக, ஈரமாக, வழுக்கி இறங்கும் பண்டம். குழைய வடித்துத் தயிரோ கெட்டிப் பருப்போ விட்டு, கரண்டியால் மசித்த சோறு. மசித்த வாழைப்பழம், பரங்கிக்காய் மசியல். கெட்டிச் சாம்பாரில் ஊறி, நீர் பிரியாமல் மசிந்த இட்லி.

எந்தப் பதம் என்று சொல்வதற்கு ஐ.டி.டி.எஸ்.ஐ. என்ற உலகப் பொது அளவு ஒன்று இருக்கிறது. 0 முதல் 7 வரை எண்கள். டிஸ்சார்ஜ் தாளில் ‘லெவல் 2’ என்று எழுதியிருந்தால் அதுதான். வீட்டில் சோதிக்க ஊசி மாட்டாத ஒரு 10 மில்லி சிரிஞ்ச் போதும், அதில் 0 கோட்டிலிருந்து 10 கோடு வரை 61.5 மி.மீ. நீளம் இருக்க வேண்டும். உள்தண்டை உருவிவிட்டு, அடிவாயை விரலால் அடைத்து 10 மில்லி ஊற்றி, விரலை எடுத்து 10 விநாடி கழித்து மறுபடி அடையுங்கள். மிச்சம் 1 மில்லிக்குள் என்றால் அது லெவல் 0, தண்ணீர். 1 முதல் 4 வரை லெவல் 1. 4 முதல் 8 வரை லெவல் 2. 8-க்கு மேல் நின்றால் லெவல் 3. சொட்டுக்கூட இறங்காவிட்டால் லெவல் 4, அதை ஸ்பூனில்தான் கொடுக்க முடியும். திடப்பண்டத்துக்கு முள்கரண்டி: லெவல் 6 என்றால் துண்டு ஒன்றரை செ.மீ.க்கு மேல் போகக் கூடாது, கட்டைவிரல் நகம் வெளுக்கும் அளவு அழுத்தினால் நசுங்கி, அப்படியே கிடக்க வேண்டும்.

கேழ்வரகுக் கஞ்சியைக் கொடுக்கிற சூட்டிலேயே சோதியுங்கள். ஆற ஆற இறுகும் என்பது உங்களுக்கே தெரியும். தெரியாத ஒன்று அதற்கு நேர்மாறானது. பாதிக் கிண்ணம் முடிகிற நேரத்தில் ஓரத்தில் நீர் பிரிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வாயில் போன ஸ்பூன் திரும்பத் திரும்பக் கிண்ணத்துக்குள் வருவதால், எச்சில் மாவுச்சத்தைக் கரைத்துவிடுகிறது. லெவல் 3 என்று ஆரம்பித்தது கடைசியில் லெவல் 1 ஆகியிருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னக் கிண்ணத்தில் எடுத்துக் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. தண்ணீரைக் கெட்டியாக்கும் மாவு மருந்துக் கடையில் கிடைக்கும், ஆனால் தெரபிஸ்ட் சொல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம். கெட்டித் தண்ணீர் யாருக்கும் பிடிப்பதில்லை. குடிக்காமல் விட்டு உடம்பில் நீர் வற்றிப்போகும்.

மாத்திரையும் தண்ணீரும் சேர்ந்தாலே இரண்டு பண்டம்தான். மசித்த வாழைப்பழத்தில் பொதிந்து கொடுத்தால் சுலபமாக இறங்கும், டாக்டர் அனுமதித்தால். பொடி செய்யலாமா என்று ஒவ்வொரு மாத்திரைக்கும் தனியாகக் கேளுங்கள். மெதுவாகக் கரையும்படி செய்தவற்றைப் பொடித்தால் ஒரு நாளைய மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

அடைத்துக்கொண்டால்

இருமுகிறார், சத்தம் வருகிறது என்றால் முன்பக்கம் சாய்ந்து இரும விடுங்கள். தலையில் தட்ட வேண்டாம், தண்ணீர் கொடுக்க வேண்டாம், வாய்க்குள் கண்மூடித்தனமாக விரலை விட வேண்டாம். சத்தமே வரவில்லை, பேச முடியவில்லை, கழுத்தைப் பிடித்துக்கொள்கிறார் என்றால் மூச்சு அடைபட்டிருக்கிறது. முன்னே சாய்த்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஓங்கி 5 தட்டு. வரவில்லையா, பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, தொப்புளுக்கு மேல் முஷ்டி வைத்து உள்நோக்கி மேலாக 5 குத்து. அடைப்பு விலகும் வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். பக்கத்தில் இருப்பவர் 108-ஐக் கூப்பிடட்டும், இலங்கையில் 1990. நினைவு தப்பினால் தரையில் படுக்க வைத்து மார்பை அழுத்தத் தொடங்குங்கள். இதை ஒரு முறையாவது முதலுதவிப் பயிற்சியில் நேரில் செய்து பழகுங்கள். படித்தது கைக்கு வராது.

சாப்பிட்ட பிறகு

முதலில் கன்னம். விரலில் மெல்லிய துணியைச் சுற்றி, பலவீனமான பக்கத்தைத் துழாவுங்கள். பல்செட் இருந்தால் கழற்றிக் கழுவுங்கள். உடம்பு இளைத்தவர்களுக்குப் பல்செட்டும் தளர்ந்துபோகும். அப்புறம் பல் துலக்கல். காலையிலும் இரவிலும் கட்டாயம். எச்சில் கொஞ்சம் உள்ளே போவதை முழுக்கத் தடுக்க முடியாது. அந்த எச்சிலில் கிருமி குறைவாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள முடியும். நிமோனியாவுக்கு எதிராக நம் கையில் இருக்கும் மலிவான ஆயுதம் அந்த பிரஷ்தான். மூக்கில் குழாய் போட்டிருக்கிறது, வாயால் எதுவும் சாப்பிடுவதில்லை என்பவர்களுக்கும் இது பொருந்தும். அவர்களும் எச்சிலை விழுங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கடைசியாக, சாப்பிட்டதும் படுக்க வைக்காமல் குறைந்தது அரை மணி நேரம் நிமிர்ந்தே உட்கார வையுங்கள். குழியில் தேங்கியது இறங்கவும், வயிற்றில் இருப்பது எதுக்களிக்காமல் இருக்கவும் அந்த நேரம் தேவை. அப்பாவுக்கு இதுதான் பெரிய தண்டனை. சாப்பிட்டதும் கட்டையைச் சாய்த்துப் பழகியவர். வாசல் பக்கம் நாற்காலியைப் போட்டுத் தெருவைப் பார்க்க விட்டோம். இப்போது முக்கால் மணி ஆனாலும் எழுந்து வருவதில்லை. காய்கறிக்காரரிடம் வெண்டைக்காய் விலையை விசாரித்துக்கொண்டிருக்கிறார். நான் உள்ளே பாத்திரம் கழுவியபடி அவர் குரல் தெளிவாக வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன்.